பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்

கெடிலக்கரை, தென்பெண்ணைக்கரை ஊர்களின் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு,



இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருக்கு நான் பி.டி. டீச்சர். சிலருக்குக் கோ-கோ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிறகு உங்கள் மகள்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கபடியும் வளையப்பந்தும் சொல்லிக்கொடுத்தேன். சுதந்திர தினத்துக்கு அணிவகுத்து நடக்கப் பழக்கினேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏரி, அதைத் தாண்டினால் ஆறு. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் நீந்தக் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். பாடத்திட்டத்தில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். 200 மீட்டர் ஓட்டத்தில் அவள் வளைவில் திரும்பும் அழகுக்காகவே நான் மைதானத்தில் நின்று பார்ப்பேன். காலாண்டுத் தேர்வு விடுமுறை. சாலை போட மண் எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றிருந்தது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவள், காலில் ஒட்டிய சேற்றைக் கழுவ இறங்கியிருக்கிறாள். எட்டு வயதுத் தம்பி மேட்டில் நின்றுகொண்டிருந்தான். "அக்கா விளையாடுறான்னு நெனச்சேன் டீச்சர். சத்தமே போடல" என்று என்னிடம் சொன்னான்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவளுக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொல்லியிருந்தாரு டீச்சர். அதனாலதான் ஏரிப் பக்கமே விடாம பொத்திப் பொத்தி வளத்தேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களுக்குத்தான் நீச்சல் தெரியுமாமே" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் கீழே இறக்கி வைக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பள்ளத்துக்குப் போய் ஒரு மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். கரையோரம் முழங்கால் ஆழம். அடுத்த எட்டில் கழி முழுவதும் உள்ளே போனது, தரை தட்டவில்லை.

அந்த மூங்கில் கழியைப் பற்றித்தான் முதலில் உங்களிடம் பேச வேண்டும். நம் தாத்தா பாட்டி காலத்துக் குளங்களும் ஏரிகளும் அப்படி இருக்காது. கரையிலிருந்து உள்ளே போகப் போகத்தான் ஆழம் கூடும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீரே நமக்கு அளவு சொல்லும். "நிலைக்குதா?" என்று கேட்டுக் கேட்டுப் போவோம். மண் அள்ளும் இயந்திரம் தோண்டிய பள்ளத்துக்கு அந்தச் சரிவு கிடையாது. சுவர் செங்குத்தாக இறங்கும். களிமண் வழுக்கும், பிடித்து ஏற ஒரு புல்கூட இருக்காது. கைவிட்ட கல்குவாரியும் அப்படித்தான். சில பண்ணைக்குட்டைகளில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறார்கள். உள்ளே விழுந்தால் பெரிய ஆளே ஏறி வர முடியாது. ஆற்றில், தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து மடு பறித்திருக்கும். மணல் அள்ளிய குழிகளை மேலே ஓடும் தண்ணீர் மூடி மறைத்திருக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை நாம் பார்த்தோம். அப்படி ஒரு வெள்ளம் போன பிறகு, போன வருஷம் முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது.

ஆபத்து இப்படிப் பெருகிய அதே காலத்தில்தான் நீச்சல் நம் வீடுகளை விட்டுப் போனது. என் ஆயா என்னைக் கமலைக் கிணற்றில் இறக்கியபோது எனக்கு ஆறு வயது. இடுப்பில் தாம்புக்கயிறு, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. கயிற்றின் மறுமுனை மேலே படியில் உட்கார்ந்திருந்த ஆயா கையில். நான் காலை உதைக்கும்வரை கயிற்றைத் தளர விடுவார். உதைப்பதை நிறுத்தினால் ஒரு சுண்டு சுண்டுவார். பத்து நாளில் குடுக்கையைக் கழற்றிவிட்டார். ஆயாவின் தலைமுறைப் பெண்கள் வெறுங்குடத்தைக் கவிழ்த்து நெஞ்சுக்கடியில் அணைத்துக்கொண்டே குளத்தின் அக்கரைக்குப் போய் அல்லி பறித்து வருவார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது, குழாய் வந்தது. கமலைக் கிணறுகள் தூர்ந்தன, மிச்சமிருந்தவை குப்பைத் தொட்டியாயின. குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடக்கிற கஷ்டம் போனது, நல்லதுதான். அதோடு சேர்ந்து நீச்சலும் போனதை நாம் கவனிக்கவில்லை.

பையன்கள் எப்படியோ திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், எல்லாரும் இல்லை என்றாலும் கொஞ்சம் பேராவது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. வயதுக்கு வந்த பிறகு குளத்தில் குளிப்பதை நிறுத்திவிடுகிறோம்; அதற்கு முன்னால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று தடுத்துவிடுகிறோம். 2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. நம் கெடிலத்தில், குச்சிப்பாளையம் தடுப்பணையருகே குளிக்கப் போன 7 பேர் ஒரே நேரத்தில் இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமிகள், இளம்பெண்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் வந்த புதுக்கோட்டை மாவட்டத்து நடுநிலைப் பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கிப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது என் கை கால் ஓடவில்லை. என்னைப் போன்ற ஆசிரியர்கள் எத்தனை தடவை பிள்ளைகளை அப்படிப் போட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறோம்! ஓடத் தெரிந்த, பந்து உதைக்கத் தெரிந்த, திடமான உடம்புள்ள பெண்கள் அவர்கள். தண்ணீரில் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இந்தியாவில் 2022-இல் மட்டும் 38,000-க்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. உலக அளவில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் உயிரை எடுக்கும் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட சாவுகள், வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில்தான். நீச்சல்குளம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் அதிகம் இல்லை. ஆடு மேய்க்க, துணி துவைக்க, மாடு கழுவ, விறகு பொறுக்கத் தண்ணீரைத் தாண்டிப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

"தண்ணிப் பக்கம் போகாதே" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். நானும் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்துச் சொல்லியிருக்கிறேன். அது போதவில்லை. அந்தப் பெண் விளையாடப் போகவில்லை, கால் கழுவப் போனாள். தண்ணீரைத் தொடாமல் இந்த ஊரில் ஒரு பிள்ளை வளர முடியுமா? ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகிறோம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்ச் சுருளிக்கிழங்கு வாங்கி வருகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தானாகவே வாசலுக்கு வந்துவிடுகிறது. தண்ணீரில் கண்டம் என்று எந்தப் பிள்ளைக்காவது ஜோசியர் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையைத்தான் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ள என்னிடம் அனுப்ப வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் குளம் வருஷம் ஒரு காவு கேட்கும் என்று சொல்கிற ஊர்களிலும் இதையேதான் கேட்கிறேன். போய்க் கழி விட்டுப் பாருங்கள்; எந்த இடத்தில் கரை செங்குத்தாக இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அரசாங்கம்தானே செய்ய வேண்டும் என்று சென்ற மாதம் ஒரு தங்கை கேட்டார். செய்ய வேண்டும், கேட்கவும் வேண்டும். அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது, அதற்குக் கட்டணம், பஸ், கூடப் போக ஓர் ஆள், அன்றைக்குப் போகும் கூலி என்று கணக்குப் போட்டால், நம் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ச் சேருவார்கள்? குளம் நம் ஊரிலேயே இருக்கிறது.

வங்கதேசத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிக் குளமும் குட்டையுமாக இருக்கும் நாடு அது. 2005-க்குப் பிறகு அங்கே சில வட்டாரங்களில் இரண்டு வேலைகளை ஆரம்பித்தார்கள். ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தெருவிலேயே ஒரு காப்பகம். காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை. ஏன் அந்த நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அம்மா சமையலிலும் வேலையிலும் இருக்கிற நேரம், குழந்தை வாசலைத் தாண்டுகிற நேரம். அந்தக் காப்பகத்துக்கு 'ஆஞ்சல்' என்று பெயர். வங்காள மொழியில் அதற்கு முந்தானை என்று அர்த்தம். இரண்டாவது, நான்கு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஊர்க்குளத்தில் நீச்சல். சிமென்ட் தொட்டி கட்டவில்லை. குளத்துக்குள் மூங்கில் நட்டு, பிள்ளைகள் நிற்க மூங்கில் தளம் போட்டு, அதற்குள் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் அந்தந்த ஊர் ஆட்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், நிலைக்காத தண்ணீரில் 30 வினாடி மிதந்து நிற்க வேண்டும், கரையிலிருந்தபடியே இன்னொருவரைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. 2012-இல் வெளிவந்த ஆய்வு, காப்பகத்துக்குப் போன குழந்தைகளிடம் மூழ்கிச் சாவது எண்பது சதவீதத்துக்கு மேலும், நீச்சல் கற்ற பிள்ளைகளிடம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலும் குறைந்திருந்ததைக் கண்டது. நம்மை விடப் பணக்கார ஊர்கள் இல்லை அவை. அந்த 25 மீட்டர், நம் பள்ளி மைதானத்தில் கபடிக் களத்தை நீளவாக்கில் ஏறக்குறைய இரண்டு தடவை கடக்கிற தூரம்.

பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுப்பது? உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு நோட்டில் கையெழுத்து வாங்கி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மில் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?" முதலில் யாரும் கை தூக்க மாட்டார்கள். சிரிப்பார்கள். பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், "சின்ன வயசுல அடிப்பேன்" என்பார். பக்கத்திலிருப்பவர் "அவ அக்கரைக்கும் இக்கரைக்கும் போவா" என்பார். நான் கேட்டுப் பார்த்த, பிறகு பயிற்சியும் கொடுத்த மூன்று ஊர்களிலும் இப்படித்தான் நடந்தது. ஒரு ஊரில் நாற்பது வருஷமாகத் தண்ணீரில் இறங்காத ஓர் அக்கா, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கி, பத்து கை போட்டுவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தார். உடம்பு மறக்கவில்லை. நம் பெண் பிள்ளைகளுக்கு அந்த அக்காதான் ஆசிரியை. வயதுக்கு வந்த பெண்ணை ஆண் பயிற்சியாளரிடம் எப்படி அனுப்புவது என்ற உங்கள் தயக்கத்துக்கும் அவர்தான் பதில். விடியற்காலை ஒரு மணி நேரம் குளத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கச் சொல்லி ஊரில் கேட்டால், நான் பார்த்தவரை யாரும் மறுக்கவில்லை. உடை பற்றிக் கவலை வேண்டாம். பழைய சுடிதார் பேன்ட், சட்டை போதும். விழும்போது பிள்ளை நீச்சலுடையில் விழப்போவதில்லை; போட்டிருக்கிற துணியோடு மிதக்கத் தெரிய வேண்டும். துப்பட்டாவை மட்டும் கரையில் வைத்துவிட வேண்டும்.

மிதப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பிள்ளையின் இடுப்பளவுத் தண்ணீரில் நில்லுங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள். உங்கள் ஒரு கை அதன் பிடரியில், ஒரு கை இடுப்புக்குக் கீழே. முதல் தடவை கழுத்து விறைத்துக்கொள்ளும். காதில் தண்ணீர் போய்விடும் என்று தலையைத் தூக்கும். தலை தூக்கியதும் கால் கீழே போகும். "காது முங்கட்டும், வானத்தைப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். வயிற்றை மேலே தூக்கச் சொல்லுங்கள். மூச்சை நிறைய இழுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று நிறைந்த நெஞ்சு கவிழ்த்த குடம் மாதிரி உடம்பைத் தூக்கும். ஒரு கட்டத்தில், அது மூன்றாம் நாளாகவும் இருக்கலாம், பத்தாம் நாளாகவும் இருக்கலாம், உங்கள் உள்ளங்கையில் பாரம் குறைவது தெரியும். பிடரி தளரும். அப்போது கையை ஒரு விரற்கடை கீழே இறக்குங்கள். பிள்ளைக்கே தெரியாது. எண்ணத் தொடங்குங்கள். முப்பது வந்த பிறகு சொல்லுங்கள், "ஆயா கை எடுத்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?" அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

தவறி விழுந்த பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சினிமாவில் வருவதுபோல் கத்தாது. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் வரவில்லை என்றால் கத்துவது எப்படி? தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, நின்றவாக்கில் மேலும் கீழுமாகப் போகும். கைகள் தண்ணீரை அழுத்தும். பார்ப்பவருக்கு விளையாட்டு மாதிரிதான் தெரியும். ஒரு நிமிஷத்துக்குள் அதுவும் அடங்கிவிடும். அந்தத் தம்பிப் பையன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. கையை மேலே நீட்டினால் அந்தக் கையின் பாரமே தலையை உள்ளே அமுக்கும். மல்லாந்து மிதக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாக நீளும். அதற்குள் யாராவது வந்துவிடலாம்.

வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் கூட்டம் கூட்டமாகச் சாகிறோம். ஒரு பிள்ளை வழுக்கும், அதைப் பிடிக்க இன்னொன்று, அதைப் பிடிக்க மூன்றாவது. பாசத்தில் குதிக்கிறார்கள். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பார். கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போவார்கள். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே பழக்குங்கள்: குதிக்காதே, பெரியவங்களைக் கூப்பிடு, எறி, நீட்டு. காலித் தண்ணீர் கேன், மூடி இறுக்கிய பெரிய பாட்டில், லாரி டியூப், பிளாஸ்டிக் குடம், எது மிதக்குமோ அதை எறியலாம். நீட்டுவதற்குக் கழி. கழி இல்லையா, நம் உடம்பில் ஐந்தரை மீட்டர் புடவை இருக்கிறது. கரையில் குப்புறப் படுத்து, ஒருவர் உங்கள் காலைப் பிடித்துக்கொள்ள, முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டு நனைத்து எறியுங்கள். நனைந்த முடிச்சு நேராகப் போகும், காற்றில் பறக்காது. மானம் பார்க்கிற நேரம் அது இல்லை. இதைக் கோ-கோ போல இரண்டு அணியாகப் பிரித்துக் குளத்தங்கரையில் ஆட விட்டேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டாம் வாரத்திலேயே துப்பட்டாவைக் குறி தவறாமல் எறியத் தொடங்கிவிட்டாள்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். தண்ணீரை வெளியேற்றுகிறோம் என்று நாம் வீணாக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் மூளை காற்றில்லாமல் கெடுகிறது. மூச்சு இல்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும். 30 தடவை அழுத்தினால் 2 தடவை ஊத வேண்டும். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இது படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை, கையால் பழக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவையோ 108 ஊழியரையோ ஒரு குழுக் கூட்டத்துக்கு அழைத்து, தலையணையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சின்னக் குழந்தைகளைப் பற்றி ஒரே வார்த்தை. நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு வாளித் தண்ணீரே போதும். சம்ப் மூடி, தொட்டி மூடி, அண்டா மூடி. நூறு நாள் வேலைக்குப் போகும் காலையில் பிள்ளை அங்கன்வாடியில் இருக்கட்டும். அங்கன்வாடி இல்லாத நாட்களில் குழுவில் இரண்டு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதப் போவது சிலருக்குக் கசக்கலாம். ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கை எடுத்துப் பார்த்தால் அதில் கிணறு யாருடையது என்பது தெரியும். கிணறு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். காலனிப் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் இறங்க முடியாது; இறங்கினால் அடி. அவர்களுக்கு மிச்சமிருந்தது குட்டையும் குவாரியும். பொதுக் குளத்தில் தண்ணீரைத் தொடும் உரிமைக்காக 1927-இல் மகாராஷ்டிரத்து மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவதார் குளத்துக்கு நடந்து போனார். நூறு வருஷம் ஆகப்போகிறது. நான் பயிற்சி கொடுத்த மூன்று ஊர்களில் ஒன்றில், "அவங்களுக்குத் தனியா ஒரு நாள் வச்சிக்கலாமே டீச்சர்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஊர்த் தெருவும் காலனியும் ஒரே நாள், ஒரே தண்ணீர், ஒரே கயிறு. இரண்டு வாரம் நாலு பேர்தான் வந்தார்கள். அந்த நாலு பேருக்கே சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் பதினேழு பேர் வந்தார்கள். உங்கள் ஊரிலும் முதல் வாரம் அப்படி இருந்தால் மனம் தளர வேண்டாம். கயிற்றை மட்டும் பிரிக்காதீர்கள்.

சித்திரையும் வைகாசியும்தான் நல்ல காலம்; குளத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும், பள்ளிக்கூடமும் இல்லை. ஆறு வேண்டாம், கிணறு வேண்டாம், மண் எடுத்த பள்ளம் கூடவே கூடாது. படித்துறையும் சரிவும் உள்ள குளத்தில் ஒரு மூலை போதும். சாக்கடை கலக்காததா என்று பாருங்கள். பம்புசெட் வயர் தண்ணீரில் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முதல் நாள் பெரியவர்கள் செருப்போடு இறங்கி நடந்து, கண்ணாடித் துண்டும் முள்ளும் பொறுக்கி, மார்பளவுக்கு மேல் ஆழம் தொடங்கும் இடத்தில் மூங்கில் நட்டுக் கயிறு கட்ட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீருக்குள். ஒருவர் கரையில் உட்கார்ந்து தலை எண்ணுவதைத் தவிர வேறு வேலை செய்யக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சொல்லிக்கொடுக்கலாம், தனியாக ஒரு கை கூடவே இருந்தால் போதும்.

கற்றுக்கொண்டால் துணிச்சல் வந்து தனியாகப் போய்விடுமே என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம். அதனால்தான் நீச்சலை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். பிள்ளைகளை நடத்திக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தைக் காட்டுகிறேன். கழியைக் கொடுத்து அவர்களையே விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கழி காணாமல் போகும்போது அவர்கள் முகம் மாறுகிறது.

மே 1 கிராம சபைக்கு உங்கள் குழுவிலிருந்து எல்லாரும் வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டியவை: ஊர் எல்லையில் எந்தெந்தப் பள்ளம், குவாரி, பண்ணைக்குட்டை செங்குத்தாக இருக்கிறது என்ற பட்டியல், அவற்றுக்கு வேலி, அல்லது ஒரு பக்கமாவது சரிவு வெட்டுதல், இனி மண் எடுக்க அனுமதி கேட்கிறவர் சரிவு விட்டு வெட்ட வேண்டும் என்ற நிபந்தனை, ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு கயிறும் டியூபும். பட்டியலை நீங்களே எடுத்து வாருங்கள். எந்தப் பள்ளம் எங்கே என்று ஆடு மேய்க்கும் நமக்குத் தெரிவது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வர வேண்டாம்; எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் சித்திரை முதல் ஞாயிற்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் இருப்பேன். சொல்லிக்கொடுக்க விரும்பும் அக்காமார் முதல் வாரம் பிள்ளைகள் இல்லாமல் வாருங்கள், நாம் பழகிக்கொள்வோம். பிள்ளைகள் இரண்டாவது வாரத்திலிருந்து. ஒரு துண்டு, மாற்று உடை, நீளமான கயிறு இருந்தால் கயிறு. காலையில் கொஞ்சம் கஞ்சி கொடுத்து அனுப்புங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

அந்தப் பெண்ணின் தம்பி இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த வருஷம் கரையில் உட்கார்ந்து தலை எண்ணுகிற வேலையை அவன் கேட்டு வாங்கியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் பி.டி. டீச்சர்